வாசகர் கேள்விகள்: ஏரிக்கரையில் ஒரு திராட்சைக் கிராமம்

சுவிற்சர்லாந்தின் லெமான் ஏரிக்கரையில் உள்ள ரிவா என்ற சிறிய ஊரின் படம் ஒன்றை, சென்ற இதழில் நான்கு வரிக் குறிப்புடன் வெளியிட்டிருந்தோம். ஏரியின் விளிம்பிலிருந்து மலையின் மேல்வரை படிபடியாக ஏறும் கல்மதில்களும், அவற்றுக்கிடையே திராட்சைக் கொடிகளும், நடுவே நெருக்கமாகக் கட்டப்பட்ட ஓட்டு வீடுகளும் அந்தப் படத்தில் இருந்தன. அதைப் பார்த்து வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் அந்நாட்டில் வாழ்வதால் விபரம் கேட்டவர்களும், கமக்காரர் என்ற முறையில் அந்தச் சரிவைக் கண்டு வியந்தவர்களும், இப்படத்தை ஏன் போட்டீர்கள் என்று கண்டித்தவர்களும் அவற்றை எழுதியவர்களுள் அடங்குவர். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

படத்தில் உள்ள கிராமம் எவ்வளவு பெரியது? அங்குள்ள சனங்கள் எல்லோரும் திராட்சை பயிரிட்டுத்தான் வாழ்கிறார்களா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

ரிவாவின் முழுப் பரப்பும் ஏறக்குறைய 32 ஹெக்டேயர், அதாவது எண்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. தனக்கென்று ஓர் ஊர்ச்சபையைக் கொண்ட சுவிஸ் ஊர்களில் மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. அங்கு வசிப்பவர்கள் 350 பேரளவில் இருப்பர். எமது பகுதியில் ஒரு நடுத்தரக் குளத்தின் கீழுள்ள வயல்வெளியே இதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஊர் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

ஆனால் ரிவாவைத் தனித்து எடுத்துப் பேச முடியாது. லொசான் நகரின் கிழக்கு எல்லையிலிருந்து சில்லோன் கோட்டையின் அயல்வரை, ஏரியின் வடகரையை ஒட்டி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் லாவோ என்ற நிலப்பரப்பின் ஒரு துண்டுதான் அது. லாவோவில் ஏறக்குறைய 830 ஹெக்டேயரில் திராட்சை பயிரிடப்படுகிறது. மதில்கள், கொடிகள், ஊர்கள், ஒழுங்கைகள் எல்லாம் சேர்ந்த அந்த நிலத்தோற்றத்தை 2007 ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைக்கோ கோயிலுக்கோ கிடைக்கும் அந்தத் தகுதி, கமம் செய்யும் ஒரு சரிவுக்குக் கிடைத்தது என்பதை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதற்குக் காரணம், கொடி வளரக்கூடிய நிலத்தில் வீட்டைக் கட்டி அதை வீணாக்க முன்னோர் விரும்பாததுதான். எமது வளவுகளைப்போல வேலிக்குள் மாமரமும் தென்னையும் கிணறும் வைத்துப் பரந்து வாழும் வசதி அங்கே இல்லை. கமக்காரரின் வீடு என்றால் நிலமட்டத்திலோ அதற்குக் கீழோ பீப்பாக்கள் வைக்கும் குளிர்ந்த அறையும், அதற்கு மேலே குடும்பம் வசிக்கும் தளமுமாக அமைந்திருக்கும். ஊரின் ஓரத்தில் ஃபொரெஸ்தே என்னும் சிற்றாறு அருவியாக விழுந்து ஏரியில் சேர்கிறது. முற்காலத்தில் அந்த நீரின் விசையால் ஆலைகள் ஓடின. இப்போது அருவிக்கு அருகே, லாவோவின் வைன்களைக் காட்சிப்படுத்தி விற்கும் நிலையம் ஒன்று 2010 முதல் இயங்குகிறது. பக்கத்து ஊரான சென் சபொறனின் தேவாலயத்தில் கி.பி. 47 ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமர் காலத்து மைல்கல் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அந்தக் கரையோர வழி எவ்வளவு பழமையானது என்பதற்கு அது சாட்சி.

ஊரவர் எல்லோரும் திராட்சைக் கமக்காரர் அல்லர். ரயில் பாதை ஏரியை ஒட்டிச் செல்வதால், காலையில் லொசானுக்கோ வெவேக்கோ வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர்களும் அங்கே வசிக்கிறார்கள். ஆனாலும் ஊரின் காணியில் பெரும்பகுதி கொடிக்காணிதான். அதில் பெரும்பாலும் பயிராவது ஷாஸ்லா என்னும் வெள்ளைத் திராட்சை. பழமாகவும் உண்ணத்தக்க அந்த இனத்திலிருந்து மென்மையான வெள்ளை வைன் செய்கிறார்கள். அதன் பெயரை நாம் கேள்விப்படாததற்குக் காரணம் எளிது. சுவிஸ் வைனில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் வெளிநாட்டுக்குப் போகிறது. மற்றதை அந்நாட்டவரே குடித்து முடிக்கிறார்கள்.

இவ்வளவு சரிவில் மழை பெய்தால் மண் கரைந்து போகாதா? அந்த மதில்களை யார் கட்டினார்கள், இடிந்தால் யார் திருத்துகிறார்கள்?
— கமக்காரர், வட்டக்கச்சி

வந்த கேள்விகளுள் எமக்கு மிகவும் பிடித்தது இதுதான். மண்ணில் வேலை செய்பவர் ஒருவரால் மட்டுமே இதைக் கேட்க முடியும்.

மண் கரையும், நிச்சயமாகக் கரையும். லாவோவின் ஆயிரம் ஆண்டு வரலாறு முழுவதும் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பதற்கான பாடுதான். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் பெனடிக்ற் சபைத் துறவிகளும் சிஸ்ரேர்சியன் சபைத் துறவிகளும் அந்தப் பகுதியில் நிலங்களைப் பெற்று, காட்டையும் பற்றையையும் வெட்டி, கல்லடுக்கிப் படிநிலங்களை அமைக்கத் தொடங்கினார்கள். ரிவாவை அடுத்துள்ள டெசலே என்னும் சரிவு அவ்வாறு துறவிகள் திருத்திய நிலம். இன்று லாவோவில் மிக உயர்வாக மதிக்கப்படும் கொடிக்காணியும் அதுவே. துறவிகள் கட்டினார்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கல்லைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குக் கீழே கமம் செய்த குடியானவர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. 1536 இல் பேர்ண் என்ற சுவிஸ் நகர அரசு அந்த நாட்டைக் கைப்பற்றி, புரட்டஸ்தாந்து என்னும் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைப் புகுத்தியபோது மடங்கள் மூடப்பட்டன, நிலங்கள் கைமாறின. ஆனால் மதில்கள் அப்படியே நின்றன, வேலையும் நிற்கவில்லை. இன்று லாவோ முழுவதிலும் உள்ள மதில்களை ஒன்றோடொன்று தொடுத்தால் 400 கிலோமீற்றருக்கு மேல் வரும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் தெருவின் நீளத்துக்கு அது ஏறக்குறையச் சமம்.

மதிலுக்குப் பகை நீர். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, மதிலின் பின்புறத்தில் தேங்கினால், அதன் பாரம் கல்லை முன்னுக்குத் தள்ளும். முதலில் மதிலின் நடுப்பகுதி வயிறு தள்ளியதுபோலப் புடைக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் மழையில் அந்தத் துண்டு முழுவதும் கீழுள்ள படியில் சரிந்து விழும். அதனால்தான் மதிலின் அடிப்பகுதியில் நீர் வடிவதற்கு ஓட்டைகள் விடுகிறார்கள். பின்புறத்தில் சிறு கற்களை இட்டு நிரப்புகிறார்கள். படிகளுக்கு இடையே கல் பதித்த வடிகால்களை அமைத்து நீரை ஏரிவரை கொண்டுபோய் விடுகிறார்கள். மாரியில் நீர் உறைந்து விரிவதும் பின்னர் உருகுவதும் கற்களை அசைக்கும் என்பதால், குளிர்காலம் முடிய ஒவ்வொரு மதிலையும் பார்த்துவர வேண்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் ஒவ்வொரு படியிலும் மேல்வரிசை மண் சிறிது சிறிதாகக் கீழ்வரிசைக்கு இறங்கிவிடும். அந்த மண்ணை வெட்டி எடுத்து, முதுகில் மாட்டிய கூடையில் சுமந்து, மீண்டும் மேல்வரிசையில் கொட்டுவது தலைமுறை தலைமுறையாக அங்கே மாரிகால வேலையாக இருந்திருக்கிறது. பலன் ஒன்றும் உடனே தெரியாத வேலை அது. கொட்டிய மண் அடுத்த ஆண்டும் இறங்கும், அடுத்த ஆண்டும் சுமக்க வேண்டும். இப்போது ஒற்றைத் தண்டவாளத்தில் பற்சக்கரத்தைப் பிடித்து ஏறும் சிறிய இயந்திர வண்டிகள் பாரத்தைச் சுமக்கின்றன. அறுவடையான பழப்பெட்டிகளும் அவற்றிலேயே இறங்குகின்றன. ஆயினும் பழம் வெட்டுவது கையால்தான். அந்தப் படிகளில் உழவு இயந்திரம் திரும்புவதற்கு இடமில்லை. மதில் திருத்துவது காணிக்காரரின் பொறுப்பு, அதற்கு அரசின் உதவியும் கிடைக்கிறது.

இதை வட்டக்கச்சியில் இருந்துகொண்டு கேட்கும் உங்களுக்கு நாம் குளக்கட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டில் முளைத்த மரத்தை வளரவிட்டால், அது பட்டபின் வேர் உக்கிய வழியே நீர் கசியத் தொடங்கும். கறையான் புற்றும் எலி வளையும் அதே கேட்டைச் செய்யும். மாடு ஏறி இறங்கும் தடம் மாரியில் ஓடையாக மாறும். அலைகரையில் கல் பெயர்ந்தால் அலை மண்ணை அரிக்கும். பெரிய குளங்களைப் பார்ப்பதற்கு நீர்ப்பாசனத் திணைக்களம் உண்டு. ஆனால் காட்டோரத்துச் சிறு குளங்களின் கட்டைப் பார்ப்பது அந்தக் குளத்தின் கீழ் விதைக்கும் குடும்பங்களும் அவர்களுடைய கமக்காரர் அமைப்பும்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவை மறக்காதவர்கள், சிறு குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துக்கொண்டால் கீழே உள்ள பெரிய குளத்துக்கு என்ன நேரும் என்பதையும் அறிவார்கள். காலபோகத்துக்கு முன் ஊர் கூடிக் கட்டுத் துப்புரவு செய்யும் வழக்கம் இன்னும் உள்ள இடங்களில் அது தளராமல் இருக்க வேண்டும் என்பதே எமது உறுதியான விருப்பம். ரிவாவின் மதில் நிற்பது கட்டியவர்களின் திறமையால் மட்டும் அன்று. ஆண்டுதோறும் யாரோ ஒருவர் அதன் அருகே குனிந்து பார்ப்பதாலும்தான்.

ஏரிக்கரையில் இவ்வளவு அழகான காணியைப் பணக்காரரும் விடுதிக்காரரும் வாங்காமல் விட்டது எப்படி?
— ஆசிரியை, மாங்குளம்

விட்டுவிடவில்லை, வாங்க முயன்றார்கள். கடந்த நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் லொசானும் வெவேயும் வீங்கத் தொடங்கியபோது, இரண்டுக்கும் நடுவே ஏரியையும் எதிர்க்கரை மலைகளையும் பார்த்தபடி கிடந்த லாவோவின் காணிகளுக்கு வீடு கட்டுபவர்களிடம் பெரும் கிராக்கி ஏற்பட்டது. அதே காலத்தில் சரிவின் மேற்பகுதியில் நெடுஞ்சாலையும் வந்தது.

அந்த நிலையில் ஃபிரான்ஸ் வேபர் என்ற சூழல் காப்பாளர், லாவோவைக் காப்போம் என்ற கோரிக்கையுடன் கையொப்பம் திரட்டினார். சுவிற்சர்லாந்தில் குறித்த தொகை வாக்காளரின் கையொப்பத்தைத் திரட்டினால், ஒரு விடயத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடும்படி கோர முடியும். 1977 இல் லாவோ அமைந்துள்ள வோ மாநிலத்தின் வாக்காளர்கள் அந்தக் கோரிக்கையை ஏற்றார்கள். லாவோவின் பாதுகாப்பு மாநில அரசியலமைப்பில் இடம்பெற்றது. 2003 இல் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு உருவானதன் பின்னர், 2005 இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்து மீண்டும் பாதுகாப்பே வென்றது. 2014 இல் அவர் இன்னும் கடுமையான மூன்றாவது கோரிக்கையைக் கொண்டுவந்தபோது, மக்கள் அதை ஏற்காமல், அரசு முன்வைத்த மிதமான மாற்றுத் திட்டத்தைத் தெரிவுசெய்தார்கள்.

இந்த மூன்றாவது வாக்கெடுப்பைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எமக்கு அது முக்கியமாகப் படுகிறது. கொடிக்காணியில் ஒரு சிறு கொட்டகை போடுவதற்கும் வீட்டை ஓர் அறையால் கூட்டுவதற்கும் தடை வந்துவிடுமோ என்று திராட்சைக் கமக்காரர்களே அஞ்சினார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு அது காட்சி. அவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம். பாதுகாப்பு என்ற பெயரில் அங்கே வாழ்பவரின் கையைக் கட்டினால், காக்க வேண்டிய கமமே முதலில் அழியும். வன்னியில் காட்டெல்லை போடும்போதும் சரணாலயம் அறிவிக்கும்போதும் அங்கே பரம்பரையாக விதைத்துவரும் குடும்பங்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று நாம் எழுதிவருவதற்கும் இதுவே காரணம். அதேவேளை, ஆற்று மணலும் கிரவலும் இரவோடு இரவாக ஏற்றப்படும்போது ஊர் மௌனமாக இருப்பதையும் நாம் ஏற்க மாட்டோம்.

காணி முதலாளிக்கு, வேலை கூலிக்காரருக்கு என்பதுதானே எங்கும் நடப்பது? அந்த ஊரில் மட்டும் என்ன வேறு?
— தோட்டத் தொழிலாளி, விசுவமடு

முதலாளி, தொழிலாளி என்ற பிரிவு அங்கேயும் உண்டு. மறைக்க ஒன்றுமில்லை. டெசலேயில் துறவிகளுக்கு உரியதாக இருந்த இரண்டு புகழ்பெற்ற கொடிக்காணிகள் 1803 முதல் லொசான் நகரசபைக்குச் சொந்தமாக உள்ளன. அவற்றின் வைனை நகரசபை ஆண்டுதோறும் ஏலத்தில் விற்கிறது. நகரசபையின் உறுப்பினர்கள் மதில் ஏறிக் கொடி வெட்டப் போவதில்லை. உடையவர் ஒருவர், உழைப்பவர் இன்னொருவர் என்பது லாவோவில் நெடுங்கால வழக்கம்.

ஆனால் அங்கே ஒரு நல்ல ஏற்பாடு தோன்றியது. வெவே நகரில் திராட்சைக் கமக்காரர் சங்கம் ஒன்று பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இருந்துவருகிறது. காணிக்காரர்களுக்காக ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களின் கொடிக்காணிகளை அந்தச் சங்கத்தின் அனுபவசாலிகள் நேரில் சென்று பார்த்து, கொடி வெட்டிய முறை, மண்ணைப் பேணிய முறை, மதிலின் நிலை ஆகியவற்றை மதிப்பிட்டு, சிறந்தவருக்குப் பரிசளிப்பது வழக்கம். 1797 இல் அந்தப் பாராட்டு ஒரு பெருவிழாவாக மாறியது; சிறந்த தொழிலாளியை ஊர் நடுவே நிறுத்தி முடிசூட்டினார்கள். அன்று தொடங்கிய விழா ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை என்ற கணக்கில் இன்றுவரை நடக்கிறது. 1955, 1977, 1999, 2019 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை அண்மையவை. 2019 விழாவுக்கு ஏறக்குறைய 20,000 பேர் இருந்து பார்க்கும் அரங்கு ஒன்று வெவேயின் ஏரிக்கரைச் சந்தை வெளியில் எழுப்பப்பட்டது. ஆட்டத்திலும் பாட்டிலும் பங்குபற்றிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அயலூர்களின் சாதாரண மக்கள். 2016 இல் யுனெஸ்கோ இந்த விழாவையும் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கொண்டாட்டத்தின் நடுவில் முடிசூடுபவர் காணிக்காரர் அல்லர். காணியில் வேலை செய்பவர்.

முடிசூட்டினால் அடுப்பு எரியுமா என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. பரிசைவிட, ஒருவருடைய வேலையைத் தொழில் தெரிந்தவர்கள் வந்து பார்ப்பதும் அதை எழுதி வைப்பதும் கூலி பேசும்போது பலமாக நின்றிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

அந்தப் பரிசுப் பட்டியலில் நெடுங்காலம் வராத உழைப்பு பெண்களுடையது. வைகாசி, ஆனி மாதங்களில் கொடியில் மிகையாகத் துளிர்க்கும் தளிர்களையும் இலைகளையும் கிள்ளி எடுக்காவிட்டால் பழத்துக்கு வெயிலும் காற்றும் கிடைக்காது. அந்த வேலைக்கென்று ஏரிக்கு அப்பாலுள்ள சவோய் பகுதியிலிருந்தும், பின்னர் இத்தாலியின் மலைப்பகுதியான ஆவொஸ்தாவிலிருந்தும் ஏழைப் பெண்கள் கூட்டமாக வந்து, சில வாரங்கள் தங்கி, முதுகை வளைத்து வேலை செய்து திரும்பினார்கள். பின்வந்த காலத்தில் போர்த்துக்கலில் இருந்தும் பலர் வந்தார்கள். நாற்று நடவும் களை பிடுங்கவும் வெங்காயம் கிண்டவும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போகும் எமது பெண்களுக்கு, அவர்கள் அந்நியர்களாகத் தெரிய மாட்டார்கள்.

குடியால் எங்கள் ஊர்கள் அழிந்துகொண்டிருக்கும்போது, மது செய்யும் ஊரை ஏன் புகழ்கிறீர்கள்?
— தாய், முள்ளியவளை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு பக்கமும் வாசித்தோம். அதில் உள்ள குடும்ப விபரங்களை வெளியிடவில்லை.

வைன் மதுதான். அதில் மதுசாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவில் உண்டு. அழகான போத்தலும் பழைய மதிலும் அதை வேறொன்றாக மாற்றிவிடாது. மதுசாரம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988 இலேயே வகைப்படுத்திவிட்டது. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியாது என 2023 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவும் அறிவித்தது. சுவிஸ் மக்களே முன்னரைவிடக் குறைவாக வைன் குடிக்கிறார்கள். லாவோவின் கமக்காரர் இன்று கவலைப்படும் விடயங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே வைனைப் புகழ அந்தப் படத்தை வெளியிடவில்லை. ஒரு நிலத்தை ஆயிரம் ஆண்டுகள் கைவிடாமல் பேணிய உழைப்பைக் காட்டவே வெளியிட்டோம். போருக்குப் பின்னர் ஆண்துணை இன்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் மிகுந்த வன்னியில், நாட்கூலி வீட்டுக்கு வந்து சேர்வதற்கு முன்னரே தவறணையிலும் கசிப்புக்காரரிடமும் கரைந்துபோகும் துயரம் எமக்கும் தெரியும். என்ன கலந்து காய்ச்சினார்கள் என்று எவருக்கும் தெரியாத கசிப்பு, ஒழுங்கை முடக்குகளில் பிள்ளைகளின் கண்ணெதிரே விற்கப்படுகிறது. இதைப் பற்றி முறையிட்ட பெண்களையே ஊரில் சிலர் பழித்துப் பேசியதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்களின் பக்கத்திலேயே நாம் நிற்கிறோம்.

ஒரு விளக்கம் மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கள்ளிறக்கும் குடும்பங்களை உங்கள் கடிதம் கசிப்புக் காய்ச்சுபவர்களோடு ஒரே வரியில் வைத்திருக்கிறது. பனையேறிகளின் தொழில் வெளிப்படையானது, கூட்டுறவுச் சங்கங்களின் வழியே நடப்பது. அதே மரத்திலிருந்து, முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காத பதநீர் கிடைக்கும்; அதைக் காய்ச்சினால் பனங்கட்டி வரும். பனங்கட்டிக்கு நல்ல விலை கிடைத்தால் கள்ளை நம்பியிருக்க வேண்டிய தேவை குறையும் என்று தொழிலாளர்களே சொல்கிறார்கள். அந்த விலையைக் கிடைக்கச் செய்வதில் நுகர்வோராகிய எமக்கும் பங்குண்டு. தேநீருக்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடிக்கும் பழக்கத்தை எத்தனை வீடுகளில் கைவிட்டுவிட்டோம்!

வன்னியில் திராட்சை செய்யலாமா? யாழ்ப்பாணத்தில் வரும்போது இங்கே ஏன் வராது?
— இளைஞர், கிளிநொச்சி

பழத்துக்காகச் செய்யலாம். வைனுக்காக என்று தொடங்க வேண்டாம். மதுவரித் திணைக்களத்தின் அனுமதியின்றி வைன் செய்து விற்பது சட்டப்படி குற்றம்.

ரிவாவின் கொடிக்கும் இங்கே முந்திரிகை என்று நாம் சொல்லும் திராட்சைக் கொடிக்கும் வாழ்க்கை முறையே வேறு. அங்கே மாரியில் கொடி இலையுதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து, புரட்டாசியிலும் ஐப்பசி முற்பகுதியிலும் ஆண்டுக்கு ஒரு தடவை பழம் தரும். வெயில், ஏரிநீரில் பட்டுத் திரும்பும் ஒளி, பகலில் சூடேறி இரவில் வெப்பத்தை விடும் கல்மதில் என மூன்று சூரியன்கள் தமக்கு உண்டென்று லாவோ மக்கள் சொல்வார்கள். எமக்கு ஒரு சூரியனே தாராளம். இங்கே கொடி உறங்குவதில்லை. நாம் கத்தரித்தால்தான் அது பூக்கும். கத்தரித்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம் என்பதால், பழுக்கும் காலம் மழையில் அகப்படாதவாறு கத்தரிக்கும் நாளைக் கணக்கிட வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை பூவோ பழமோ கொடியில் நின்றால் அடிச்சாம்பல் நோய் இலையின் கீழ்ப்புறத்தில் வெண்மையாகப் படர்ந்து குலையையும் கெடுத்துவிடும். அந்த நோய் லாவோவையும் விடுவதில்லை. மழை மிகுந்த 2021 இல் அதனாலும் உறைபனியாலும் சுவிற்சர்லாந்து முழுவதிலும் திராட்சை விளைச்சல் 1957 க்குப் பின்னர் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடப்பதால் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நிற்காது. வன்னியில் வயலை ஒட்டிய களித்தன்மையான மண்ணில் கொடியின் வேர் அழுகிவிடும். உங்கள் காணி மேட்டுநிலமாக, நீர் வடியும் மண்ணாக இருந்தால் மட்டும் இறங்குங்கள். யாழ்ப்பாணத்தில் பழகிய இஸ்ரேல் ப்ளூ இனத்தில் ஒரு சில பதியங்களை நட்டு, கல்தூண் பந்தலில் ஏற்றி, ஒரு மாரி முழுவதும் பாருங்கள். நோய்க்கு மருந்து அடிப்பதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடைக்காரர் தரும் போத்தலை நம்பித் தெளிக்க வேண்டாம்.

வன்னிக்கே உரிய தொல்லை குரங்கு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பெரும்பாலும் வௌவாலும் கிளியும்தான் பகை. காட்டோரத்தில் உள்ள உங்களுக்குக் குரங்குக் கூட்டம் ஒரு காலைப்பொழுதில் பந்தலையே வெறுமையாக்கிவிடும். வலைக்கும் காவலுக்கும் ஆகும் செலவைக் கணக்கில் சேர்த்த பின்னரும் மிஞ்சுமா என்று பார்த்துத்தான் பணத்தைப் போட வேண்டும். கடன் வாங்கித் தொடங்குவதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

மகள் லொசானில் இருக்கிறாள். அடுத்த ஆண்டு எங்களை அழைக்கிறாள். இந்த ஊரைப் பார்க்க எப்போது போவது நல்லது?
— ஓய்வுபெற்ற தபால் அலுவலர், வவுனியா

பழம் வெட்டுவதைப் பார்க்க விரும்பினால் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் ஒக்டோபர் தொடக்கத்துக்கும் இடையில் போங்கள். லொசானிலிருந்து வெவே செல்லும், எல்லாத் தரிப்பிலும் நிற்கும் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் ரிவாவில் இறங்கலாம். நிலையம் ஏரிக்கரையிலேயே உள்ளது, ஊர் அதற்கு மேலே. ஏற்றம் கடுமையானது என்பதால் முழங்கால் நோ உள்ளவர்கள் மேலே ஏற முயலாமல், சென் சபொறன் பக்கமாகச் சிறிது தூரம் நடந்துவிட்டு அங்குள்ள நிலையத்தில் திரும்பி ரயில் ஏறலாம். கொடிகளுக்கு நடுவே செல்லும் ஒழுங்கைகள் பொதுவழிகள், எவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பழத்தில் கை வைக்க வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு. மகளிடம் பிரெஞ்சில் கேட்கச் சொல்லி, மதில் திருத்துபவர் யாரையாவது கண்டால் அவருடன் சிறிது நேரம் பேசிவாருங்கள். அவர் சொல்வதை எழுதி அனுப்பினால் இந்தப் பகுதியில் வெளியிடுவோம்.